வலிக்கு வாய்தா

திருச்சுழி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரமணர். 1879 டிசம்பர் 30-ஆம் தேதி இந்த ஊரில் பிறந்த வேங்கடராமன், பதினாறு வயதில் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிப் போனார், மகரிஷியானார், இடது கையில் வந்த சார்கோமா கட்டியோடு 1950 ஏப்ரல் 14-ல் உடலை விட்டார். நான்கு முறை அறுத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டார். அது அவர் பெருமை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் ஒருவர் தாங்கிக்கொண்டார் என்பதற்காக, இந்தச் சுற்றுவட்டாரத்தில் புற்று வந்த அத்தனை பேருக்கும் அதே பக்குவம் பிறவியிலேயே உண்டு என்று அரசாங்கம் முடிவுகட்டிவிட்டதே, அதுதான் என் வயிற்றெரிச்சல். நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த கிழவி, தாடையில் புற்று வைத்த பிறகு ரமணரைப் போல 'நான் யார்' என்று விசாரித்துக்கொண்டு படுத்திருப்பாள் என்று நினைக்கிறார்கள் போல. அவள் யாரென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். மாத்திரை எங்கே கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை.

தாடைப் புற்று எப்படி இருக்கும் என்று கோட்டையில் கோப்பு பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐம்பது வருஷம் வெற்றிலையோடு புகையிலையும் அடக்கிய கன்னம் முதலில் வெள்ளையாகத் திட்டுப் போடும். பிறகு கெட்டியாகும். பிறகு ஓட்டை விழும். கஞ்சியை வாயில் ஊற்றினால் பாதி கன்னத்தின் வழியே வெளியே வரும். ஈ மொய்க்காமல் இருக்கப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் வீசிக்கொண்டிருப்பாள். அந்த வாடைக்கு வீட்டில் சோறு இறங்காது. வலி காதுக்கு ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய், தலையைப் பிளக்கும். ராத்திரி ஒரு மணிக்கு மேல் அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்வாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று. ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து முடித்து, 'இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்ல வச்சுப் பாத்துக்கங்க' என்று அனுப்பும்போது கொடுத்த சீட்டில் பாரசிட்டமால், டைக்ளோஃபெனாக், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, சத்து மாத்திரை ஒன்று. ஓட்டை விழுந்த கன்னத்துக்குச் சத்து மாத்திரை!

மகன் அந்தச் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போகிறான். எந்த ஊர், எந்தக் கடை என்று தேட வேண்டாம், எந்த ஊரிலும் பேச்சு இதுதான்.

"அண்ணாச்சி, ஆத்தாவுக்கு வலி தாங்கல. ராத்திரி பூரா அனத்துது. இதவிட வீரியமா ஏதாச்சும் குடுங்க."

"டாக்டர் என்ன எழுதிருக்காரோ அதத்தான தம்பி குடுக்க முடியும்?"

"மார்ஃபின்னு ஒண்ணு இருக்காம்ல? ஆஸ்பத்திரியில பக்கத்துப் பெட்டுக்காரரு சொன்னாரு."

"ஏ சாமி, பேரக்கூடச் சத்தமாச் சொல்லாத. அதெல்லாம் நம்ம கடையில வைக்கிறதில்ல. போலீஸ் கேஸாயிரும். மதுரையில வேணா கேட்டுப் பாரு."

மதுரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கிழவிக்கு உட்கார முடியாது. நோயாளியைக் கூட்டி வந்தால்தான் சீட்டு எழுத முடியும் என்பார்கள். கார் வைத்துக் கூட்டிப் போனால், எழுதுகிற டாக்டர் இன்றைக்கு லீவு. வழக்குக்குத்தான் வாய்தா கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே வலிக்கும் வாய்தா உண்டு.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. சட்டம் தெரிந்தவர், பிள்ளைகுட்டிக்காரர். அவர் பயத்துக்கு வயது நாற்பது. ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, 1985 ஆகஸ்ட் கடைசியில் நாடாளுமன்றத்துக்கு வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் தடுப்பு மசோதா, செப்டம்பர் 16-ல் குடியரசுத் தலைவர் கையெழுத்தை வாங்கி, நவம்பர் 14-ல் சட்டமாக நடைமுறைக்கு வந்துவிட்டது. நாட்டில் எந்த நல்ல காரியமும் அவ்வளவு வேகத்தில் நடந்ததில்லை. அன்றைக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்து வருஷக் கடுங்காவல். அபின் கடத்துகிறவனுக்குத்தானே என்று கேட்கலாம். கடத்துகிறவனுக்குத் தெரியும், தன்னைப் பிடிக்க மாட்டார்கள் என்று. மருந்து வைத்திருக்கிறவருக்கோ தன் பெயரும் விலாசமும் லைசென்சில் எழுதியிருப்பது தெரியும். ரிஜிஸ்டரில் ஒரு மாத்திரை கூடிக் குறைந்தால் வந்து நிற்பார்கள் என்பதும் தெரியும்.

அதனால் யார் பயந்தார்கள் என்றால், பயப்படத் தேவையில்லாதவர்கள் எல்லாரும். வாங்க, வைக்க, கொண்டுபோக, கொடுக்க என்று அப்போது பல மாநிலங்களில் நாலு லைசென்ஸ், ஐந்து லைசென்ஸ். ஒன்று ஆயத்தீர்வைத் துறையில், ஒன்று மருந்துக் கட்டுப்பாட்டில், இன்னொன்று வேறெங்கோ. எல்லாம் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்தால்தான் மருந்து வாங்கலாம். ஐந்தாவது வந்து சேர்வதற்குள் முதலாவதின் கெடு முடிந்துவிடும். மருத்துவமனைகள், 'இந்தக் கழுதை நமக்கு எதுக்கு' என்று கைகழுவின. 1985-க்கும் 1997-க்கும் இடையில் இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் விழுந்தது. 1997-ல் இந்தத் தேசம் முழுவதற்கும் பயன்பட்டது 18 கிலோ. மதுரை மாட்டுத்தாவணியில் இறங்குகிற ஒரு மல்லிகைப்பூ மூட்டையே அதைவிடக் கனக்கும்.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கடத்தலும் 97 சதவீதம் குறைந்ததா? கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். 2022 ஆகஸ்ட் 11-ல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் பிள்ளைகளை நிறுத்திப் போதைக்கு எதிராகக் கை நீட்ட வைத்தார்கள். பிள்ளைகள் ஒழுங்காகத்தான் நீட்டினார்கள். நீட்ட வேண்டிய மற்ற கைகள் சட்டைப்பையில் இருந்தன.

இந்தக் கதையில் பெரிய வேடிக்கை இனிமேல்தான். மார்ஃபின் வெளிநாட்டுச் சரக்கு, கப்பலில் வர வேண்டும், கிடைக்கவில்லை என்றால் மனசு ஆறும். அது அபினிலிருந்து வருகிறது. அபின் மத்தியப் பிரதேசத்து நீமச், மந்த்சௌரில், ராஜஸ்தானத்துச் சித்தோர்கரில், உத்தரப் பிரதேசத்துப் பாராபங்கியில் அரசாங்க லைசென்சோடு விளைகிறது. விவசாயி காய் கீறி எடுத்த பாலை அரசே எடைபோட்டு வாங்குகிறது. காஜிப்பூரில் வெள்ளைக்காரன் 1820-ல் தொடங்கிய அபின் ஆலை இன்றைக்கும் அரசாங்க ஆலையாக ஓடுகிறது. நீமச்சில் இன்னொன்று. சட்டப்படி அபின் பால் எடுத்து ஏற்றுமதி செய்கிற ஒரே நாடு நாம்தான். அமெரிக்கா தன் வலிமருந்துக் கம்பெனிகள் வாங்கும் அபின் கச்சாப்பொருளில் 80 சதவீதம் இந்தியாவிடமும் துருக்கியிடமும்தான் வாங்க வேண்டும் என்று 1981-லேயே விதி போட்டுவிட்டது. அமெரிக்காக்காரனின் முழங்கால் ஆபரேஷனுக்கு நம் நிலத்து அபின் கப்பலேறிப் போகிறது. அருப்புக்கோட்டைத் தறிக்காரன் பெண்டாட்டியின் மார்புப் புற்றுக்கு டைக்ளோஃபெனாக்.

கணக்கு வேண்டுமா? வலி தணிப்பைப் பற்றி லான்செட் ஆணையம் 2017-ல் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. வலி தணிப்பு தேவைப்படும் ஒரு நோயாளிக்கு ஓராண்டில் கிடைக்கிற மார்ஃபின் வகை மருந்து கனடாவில் 68,194 மில்லிகிராம். இந்தியாவில் 43. ஆயிரம், லட்சம் எதுவும் விட்டுப்போகவில்லை, நாற்பத்து மூன்றேதான். தேவையில் 4 சதவீதம். பத்து மில்லிகிராம் மாத்திரையாகப் பார்த்தால் நாலு மாத்திரையும் ஒரு துணுக்கும். வாய்வழி மார்ஃபினை நாலு மணிக்கு ஒருதரம் கொடுக்க வேண்டும். காலை ஆறுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, மதியம் இரண்டுக்கு ஒன்று, சாயங்காலம் ஆறுக்கு ஒன்று. ராத்திரி பத்து மணிக்குத் துணுக்கு. மீதி 364 நாளைக்குத் திருச்சுழிக் கோயில் திருமேனிநாதர்தான் துணை.

இதற்கென்று ஒரு படிவம் அடித்துத் தாலுகா ஆபீசில் வைத்துவிட்டால் நேர்மையாகவாவது இருக்கும். 'வலி கோரும் விண்ணப்பம், மூன்று நகல்.' வலி எந்த உறுப்பில், புல எண்ணும் உட்பிரிவும் குறிப்பிடுக. வலி விண்ணப்பதாரர் பெயரிலேயே உள்ளதா, கூட்டுப் பட்டாவா? ஆதாருடன் இணைக்கப்பட்டதா? கிராம நிர்வாக அலுவலர் வலியை நேரில் பார்வையிட்டாரா? அவர் பார்வையிட்டபோது விண்ணப்பதாரர் கத்தினாரா, கத்தவில்லை என்றால் காரணம் என்ன? குடும்பத்தில் வேறு எவரேனும் ஏற்கனவே வலி நிவாரணம் பெற்றுள்ளனரா? கடந்த மூன்று நிதியாண்டுகளுக்கான வலிச் சான்று இணைக்கப்பட்டுள்ளதா? விண்ணப்பதாரர் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழுடன் நேரில் ஆஜராக வேண்டும்.

சிரிக்கிறவர்களுக்கு ஒரு சேதி. நாடாளுமன்றம் எழுதிய நகைச்சுவைக்கு முன்னால் என் படிவம் கால்தூசு பெறாது. மருத்துவர் ராஜகோபால் போன்றவர்கள் கேரளத்திலிருந்து இருபது வருஷம் கத்திய பிறகு, 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 'இன்றியமையாத போதை மருந்துகள்' என்று ஒரு புதிய வகை. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் என்று ஆறு மருந்துகளை 2015 மேயில் வந்த விதிகளின் கீழ் கொண்டுவந்தார்கள். அஞ்சு லைசென்ஸ் வேண்டாம், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் அங்கீகரித்தால் போதும் என்றார்கள். நல்ல திருத்தம்தான், கும்பிட்டுக்கொள்வோம். ஆனால் இந்தப் புதிய வகைக்கு இலக்கணம் சொல்லும் உட்பிரிவை நுழைக்கும்போது, அந்த இடத்தில் ஏற்கனவே உட்கார்ந்திருந்த 'சட்டவிரோதக் கடத்தல்' என்ற உட்பிரிவை அடுத்த எண்ணுக்குத் தள்ளினார்கள். கடத்தலுக்குப் பணம் போடுகிறவனைத் தண்டிக்கும் 27ஏ பிரிவில் பழைய எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். ஆக, போதைக் கடத்தலுக்கு முதல் போட்டவனைத் தண்டிக்கும் பிரிவு, இன்றியமையாத வலிமருந்தின் இலக்கணத்தைக் கை காட்டியபடி ஏழு வருஷம் நின்றது! திரிபுராவில் பிடிபட்ட ஒருவனின் வக்கீல் சட்டப் புத்தகத்தைத் திறந்து படித்ததால் கண்டுபிடித்தார்கள். 2021-ல் உயர் நீதிமன்றம் குட்டியது. அவசரச் சட்டம், பிறகு திருத்தச் சட்டம், அதையும் 2014 மே 1-லிருந்தே இருந்ததாக வைத்துக்கொள்வோம் என்று ஒரு வரி. நோயாளி ரிஜிஸ்டரில் ஒரு எழுத்து பிசகினால் மருந்தாளுநர் வேலை போகும். சட்டத்திலேயே எழுத்து பிசகினால் பின்தேதியிட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

சரி, கட்டுப்பாடு வேண்டாமா? வேண்டும். அதைச் சொல்லாமல் நழுவுகிறவன் நான் இல்லை. இந்த மருந்து தவறான கைக்குப் போனால் ஆளைக் கொல்லும். எங்கே போகிறது, யார் விடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டபென்டடால் என்று ஒரு வலி மாத்திரை. மார்ஃபினின் தூரத்துச் சொந்தம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சென்னையிலும் மதுரையிலும் இன்னும் எத்தனையோ ஊரிலும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் அதைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றி நரம்பில் குத்திக்கொள்கிறார்கள். வாயில் போட வேண்டிய மாத்திரையில் உள்ள மாவும் பசையும் ரத்தத்தில் போய் அடைக்கிறது. கை அழுகுகிறது, சில பேர் செத்தும் போகிறார்கள். பேப்பரைத் திறந்தால் வாரத்துக்கு ஒரு படம்: மேஜைமேல் அட்டை அட்டையாக மாத்திரை, பின்னால் முகம் மூடிய நாலு பையன்கள், அவர்களுக்குப் பின்னால் முகம் மூடாத அதிகாரிகள். மாத்திரை வட மாநிலத்திலிருந்து ரயிலிலோ கூரியரிலோ வந்திருக்கும். பெட்டிமேல் தயாரித்த கம்பெனி பெயர், பேட்ச் எண், தேதி எல்லாம் அச்சிட்டிருக்கும். அந்தப் பேட்ச் எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் எந்த மொத்த வியாபாரிக்கு எந்தத் தேதியில் எத்தனை பெட்டி போனது என்று கம்பெனிக் கணக்கிலேயே தெரியும். போவதில்லை. படம் எடுத்தாயிற்று, கலைந்து போகலாம்.

2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைச் சட்டப் பட்டியலில் சேர்த்தார்கள். புற்றுநோய்க்காரர்களுக்கு ஓரளவு சுலபமாகக் கிடைத்துக்கொண்டிருந்த நடுத்தர வலிமருந்து அது. அடுத்த நாளே கடைக்காரர்கள் அதையும் அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார்கள். டபென்டடால் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றது. வியாபாரம் தெரிந்தவன் என்ன செய்வானோ அதைச் செய்தான். ஒரு கதவைச் சாத்தியதும் பக்கத்துக் கதவால் நுழைந்தான். சாத்திய கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டது மறுபடியும் நம் கிழவிதான்.

பக்கத்துக் கதவு எவ்வளவு அகலம் என்று தெரிய வேண்டுமானால் ஆப்பிரிக்காவைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் பிபிசி அம்பலப்படுத்தியது. மும்பையைச் சேர்ந்த ஏவியோ என்ற மருந்துக் கம்பெனி டபென்டடாலையும், தசை தளர்த்தும் கரிசோப்ரடாலையும் ஒரே மாத்திரையில் சேர்த்துக் கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் தெருக்களுக்குப் போகும்படி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. உலகத்தில் எந்த நாடும் மருந்தென்று ஒத்துக்கொள்ளாத கலவை. கப்பல் கப்பலாகப் போன பிறகு, டெலிவிஷனில் வந்த பிறகு, அந்தக் கலவையைத் தயாரிக்கவும் ஏற்றுமதி செய்யவும் கொடுத்த அனுமதிகளை ரத்து செய்தார்கள். 'கொடுத்த அனுமதிகளை' என்பதை இன்னொரு தரம் படித்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவுக்கு ஒரு கப்பல் போதையை அனுப்ப அனுமதி கிடைத்த தேசத்தில், அருப்புக்கோட்டையில் ஒரு அட்டை மார்ஃபினுக்கு அனுமதி கிடைப்பதுதான் கஷ்டம்.

எங்கள் ஊர் பாஷையில் சொன்னால், கண்மாய் மடையையே உடைத்து ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீரை ஓட்டிக்கொண்டு போகிறவனைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, கரையில் ஒரு குடம் மொண்டவளைக் கட்டிவைத்து விசாரிக்கிற பஞ்சாயத்து இது.

அமெரிக்காவைப் பார், இந்த மருந்தை எழுதித் தள்ளி நாசமாய்ப் போனார்கள், நமக்கு அந்தக் கதி வேண்டுமா என்று ஒரு அதிகாரி எப்போதும் தயாராக இருப்பார். பார்ப்போமே. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று ஒரு ஊர். அப்போது ஜனத்தொகை 392. நம் திருச்சுழித் தாலுகாவில் ஒரு குக்கிராமம் அளவு. அந்த ஊரில் ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டு வருஷத்தில் 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரை போயிருக்கிறது. எரிக் அயர் என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கணக்கைத் தோண்டி எடுத்து எழுதினார், 2017-ல் புலிட்சர் விருது வாங்கினார். அந்த மாத்திரைகளை 392 பேரில் வலி தாங்காத ஒரு பாட்டியா திருடி விற்றாள்? தேசத்திலேயே பெரிய மொத்த விநியோகக் கம்பெனிகள் லாரியில் இறக்கின. எத்தனை இறக்கினோம் என்று அரசாங்கத்துக்குக் கணக்கும் கொடுத்தன. கணக்கை வாங்கி வைத்த அரசாங்கம் வாங்கியே வைத்தது. ஆக்சிகான்டின் என்ற வலிமாத்திரையை விற்ற பர்டூ கம்பெனி 2007-லும் 2020-லும் இரண்டு தடவை குற்றத்தை ஒப்புக்கொண்டது. அமெரிக்கா கற்றுக்கொடுக்கிற பாடம் விநியோகத்தின் தலைமாட்டில் காவல் போடு என்பதுதான். நம் ஆட்கள் படித்துக்கொண்டு வந்த பாடம், கால்மாட்டில் கிடக்கிற நோயாளியைச் சந்தேகி என்று.

நோயாளியைச் சந்தேகித்துப் பார்த்தும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண மையத்தில், வீட்டுக்கு மார்ஃபின் மாத்திரை வாங்கிக்கொண்டு போன 1,723 நோயாளிகளை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்து 2001-ல் லான்செட்டில் எழுதினார்கள். கூலிக்காரன், மீன்காரி, பீடி சுற்றுகிறவள் என்று நம்மைப் போன்ற ஜனங்கள்தான். மாத்திரை கைமாறியதாக, கள்ளச் சந்தைக்குப் போனதாக ஒரு சம்பவம்கூடத் தென்படவில்லை. வலியில் கிடக்கிறவனுக்கு மாத்திரை தேவை, அவன் ஏன் விற்கப் போகிறான்? இது புரிய லான்செட் வேண்டுமா என்பது வேறு கேள்வி. அந்த ஆராய்ச்சிக்குப் பிறகு கேரளம் 2008-ல் வலி தணிப்புக்கென்று தனிக் கொள்கையே வகுத்துவிட்டது. செங்கோட்டை தாண்டினால் கேரளம். சபரிமலைக்கு வருஷா வருஷம் போய் வருகிற நம்மவர்கள் உண்ணியப்பமும் நேந்திரம் சிப்ஸும் வாங்கி வருகிறார்கள், அந்தக் கொள்கையை மட்டும் யாரும் வாங்கி வரவில்லை.

நமக்கு மந்திரி இல்லாத குறையும் இருந்ததில்லை. 1977-ல் எம்.ஜி.ஆரை ஜெயிக்க வைத்து முதலமைச்சராக்கிய தொகுதி அருப்புக்கோட்டை. 2021-ல் ஜெயித்துப் போன அருப்புக்கோட்டைக்காரர் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன் வருவாய்த் துறைக்கு அமைச்சரானார். திருச்சுழிக்காரர் தங்கம் தென்னரசு பிறகு நிதிக்கே அமைச்சரானார். பக்கத்துப் பக்கத்துத் தொகுதி, கோட்டையில் கனமான நாற்காலிகள். 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தாயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சேவை என்று ஒரு வரியும் இருக்கிறது. வெயிலில் வீடு தேடி வந்து கிழவியின் கன்னத்தில் கட்டு மாற்றிவிட்டுப் போகிற செவிலிப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அவள் பையில் மார்ஃபின் இருந்தால்தான் அது வலி தணிப்பு. இல்லையென்றால் அது துக்கம் விசாரிப்பு, கொஞ்சம் முன்கூட்டி.

இதே அரசாங்கத்துக்கு ஒரு சரக்கைக் கடைக்கோடிக் கிராமம் வரைக்கும் கொண்டு சேர்க்கத் தெரியாதா? டாஸ்மாக் தெரியாதவர்கள் யார்? 2003-லிருந்து சில்லறை விற்பனையும் அரசே. மதியம் பன்னிரண்டுக்குத் திறந்தால் ராத்திரி பத்து வரை. பொங்கல், தீபாவளிக்குச் சரக்குத் தட்டாமல் முன்கூட்டியே கணக்குப் போட்டு இறக்கி வைப்பார்கள். வருஷ வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. வாங்குகிறவனிடம் யாரும் கேட்பதில்லை, உனக்கு எங்கே வலி, சீட்டு எங்கே, பயிற்சி பெற்ற மருத்துவர் கையெழுத்து எங்கே என்று. அதைக் கவனிக்கிற துறையின் பெயர் மதுவிலக்குத் துறை! வலிமருந்து மடைமாறிப் போய்விடும் என்று கவலைப்படுகிற அதே ஆட்சியின் கண் முன்னால்தான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் மடைமாறிப் போய் அறுபது பேருக்கு மேல் கொன்றது. மெத்தனாலும் லைசென்ஸ் சரக்குதான். ரிஜிஸ்டர் உள்ள சரக்குதான்.

எங்கள் மாவட்டத்திலேயே பாருங்கள். சிவகாசிப் பக்கம் கரிமருந்துக்கு இல்லாத லைசென்சா? லைசென்ஸ் ஒருவன் பெயரில், உள்குத்தகை இன்னொருவனுக்கு, செத்துப் போவது மூன்றாமவன். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேல் கருகினார்கள். 2024 மே தினத்தன்று காரியாபட்டிக்குப் பக்கத்து ஆவியூர்க் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று கூலியாட்கள் துண்டு துண்டாகப் போனார்கள். ஒரு லாரி வெடிமருந்தை நம்பி விட்டுவைக்கிற மாவட்டம், சாகக் கிடக்கிறவளின் தலையணைக்கடியில் பத்து மாத்திரையை நம்பாது. மருந்து ஆய்வுக்கு ஆள் போதவில்லை என்று சொல்வார்கள். ஆள் எங்கே போயிருந்தார்கள் என்பது 2025 அக்டோபரில் தெரிந்தது. காஞ்சிபுரம் பக்கத்துக் கம்பெனியில் காய்ச்சிய கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால், மத்தியப் பிரதேசத்தில் பச்சைப் பிள்ளைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்த பிறகு. பாட்டிலில் பாதி விஷம், அதற்குப் பல வருஷ லைசென்ஸ்.

ஆய்வாளர்களைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, இடம் மாற்றி நிறுத்தச் சொல்கிறேன். தொழிற்சாலை வாசலில் நில்லுங்கள். மொத்த வியாபாரியின் கிடங்கில் நில்லுங்கள். கூரியர் ஆபீசில் நில்லுங்கள். பிடிபட்ட அட்டையின் பேட்ச் எண்ணைப் பிடித்துக்கொண்டு முளைத்த இடம் வரைக்கும் நடந்து போங்கள், அங்கே இருக்கிறவனையும் மேஜைக்குப் பின்னால் முகமூடியோடு நிற்க வைத்துப் படம் எடுங்கள். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் அரசு மருத்துவமனைக்கு ஒரு மருத்துவரும் ஒரு மருந்தாளுநரும் வலி தணிப்பில் பயிற்சி பெறட்டும், ஒரு இரும்பு அலமாரி, ஒரு ரிஜிஸ்டர், சாவி இரண்டு. விதி அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 2015-லிருந்து.

ரேஷன் கடை வாசலில் கரும்பலகை இருக்கிறது: பச்சரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, பாமாயில் இவ்வளவு என்று இருப்பு எழுதியிருக்கும். உரக்கடையில் யூரியா மூட்டைக்கும் உண்டு. அதே மாதிரி தாலுகா மருத்துவமனை வாசலில் ஒரு பலகை வைத்து, 'மார்ஃபின் 10 மி.கி. - கையிருப்பு' என்று எழுதி, பக்கத்தில் எண்ணைப் போடுங்கள். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று போடுங்கள், தினமும், தேதியோடு, மருத்துவ அலுவலர் கையெழுத்தோடு. எழுதிப் போட்டால் திருட்டுப் போய்விடுமே என்று யாராவது எழுந்து கேட்பார்கள். பூஜ்யத்தை எவன் திருடப் போகிறான்?